குறைமாசக் குழந்தையோட முதல் ரத்த ரிப்போர்ட்ட எப்படி பாக்குறது
முதல்ல சாம்பிள் எடுத்த நேரத்த பாருங்க, பொறந்த உடனே எடுத்தத விட 6-12 மணி நேரம் கழிச்சு எடுத்த கவுண்ட் (ரத்த அணுக்களோட எண்ணிக்கை) தான் இன்ஃபெக்ஷன் பத்தி கொஞ்சமாவது தெளிவா சொல்லும். குதிகால்ல குத்தி எடுத்தாங்களான்னும் கேளுங்க, அதுல ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடவே காட்டும். அம்மாவுக்கு பிரஷர் இருந்திருந்தா நியூட்ரோஃபில் (கிருமிய எதிர்க்குற ஒரு வகை வெள்ளையணு), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணு) ரெண்டுமே கொறஞ்சு வரலாம், அத டாக்டர்ட்ட மறக்காம சொல்லிடுங்க. பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு கீழ போனா கொறவுன்னு எழுதுவாங்க, ஆனா ஒரே ஒரு நம்பர வச்சு புள்ளைக்கு என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க, அடுத்தடுத்த ரிப்போர்ட்ல ஏறுதா எறங்குதான்னு தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க, இது ரொம்ப முக்கியம். ஹீமோகுளோபின் மொத சில வாரத்துல எறங்கத்தான் செய்யும், டெஸ்ட்டுக்கு எடுக்குற ரத்தமும் அதுக்கு ஒரு காரணம், அதனால ஒவ்வொரு தடவையும் எவ்ளோ எடுக்குறீங்கன்னு நர்ஸ்ட்ட தயங்காம கேளுங்க.