ஸ்பெயினின் கோடைத் திருவிழாக்கள்: பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலையில் விடுமுறை எடுத்து ஸ்பெயினுக்குப் போய், அப்படியே தக்காளித் திருவிழாவையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் உண்டு. புன்யோல் ஊரின் அந்தத் திருவிழா ஆகஸ்ட் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை நடப்பது. அதுவும் ஒரே ஒரு மணி நேரம். வலென்சியா நகரின் பிரமாண்ட உருவங்களை எரிக்கும் ஃபாயாஸ் மார்ச் மாதத்தில் முடிந்துவிடும். செவில் நகரின் புகழ்பெற்ற சந்தைத் திருவிழா ஈஸ்டருக்குப் பிறகு, வசந்த காலத்தில் வருவது. படங்களில் பார்த்த எல்லாம் கோடையில் கிடைக்கும் என்று நம்பி விமான டிக்கெட் எடுப்பதுதான் முதல் தவறு.

ஸ்பெயினில் ஏறக்குறைய ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாதுகாவலர் இருக்கிறார். அந்தப் புனிதரின் நாளை ஒட்டியே ஊர்த் திருவிழா. எனவே முதலில் ஊரையும் தேதியையும் முடிவு செய்யுங்கள், பிறகு மற்றவை. ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது கடினமாகிவிடும். காளை ஓட்டத்துக்குப் பெயர்பெற்ற பாம்ப்லோனா போன்ற ஊர்களில் திருவிழா நாட்களின் அறை வாடகை பல மடங்கு ஏறும். ரயிலில் போய்வரும் தூரத்தில் உள்ள வேறு நகரில் தங்குவது பலருக்கும் வசதி.

இனி பாம்ப்லோனா. ஜூலை 6 முதல் 14 வரை நடக்கும் சான் ஃபெர்மின் திருவிழாவின் காளை ஓட்டத்தை நம்மவர்கள் ஜல்லிக்கட்டுபோல எண்ணிக்கொள்கிறார்கள். இங்கேதான் பெரிய பிசகு. ஜல்லிக்கட்டில் திமிலைத் தழுவுவதே வீரம். பாம்ப்லோனாவில் காளையைத் தொடுவதே தடை செய்யப்பட்டது; அபராதமும் உண்டு. காளைக்கு முன்னால் சிறிது தூரம் ஓடி, விலகி வழிவிடுவதுதான் அங்கே ஓட்டக்காரரின் கலை. அதைவிட முக்கியமான வேறுபாடு இன்னொன்று: காலையில் ஓடிய ஆறு காளைகளும் அன்று மாலை அரங்கில் கொல்லப்படுகின்றன. அது தெரியாமல் மாலைக் காட்சிக்கு டிக்கெட் வாங்கி, குழந்தைகளோடு போய் உட்கார்ந்து, பாதியில் எழுந்து வரும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உங்கள் மனம் எதைத் தாங்கும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்குத் தொடங்கும். சான்தோ தொமிங்கோ சரிவில் இருந்து காளை அரங்கம் வரை சுமார் 875 மீட்டர். பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். தொடங்குவதற்குச் சற்று முன், சரிவின் சுவரில் உள்ள சிறு மாடத்தில் வைத்த புனிதர் சிலையின் முன் ஓட்டக்காரர்கள் கூடுவார்கள். சுருட்டிய செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தபடி, காக்கும்படி அவரை வேண்டிப் பாடுவார்கள். இந்தப் பாட்டு மூன்று முறை ஒலிக்கும். கடைசி முறை பாடி முடித்துச் சிறிது நேரத்தில் ராக்கெட் வெடிக்கும், கொட்டில் கதவு திறக்கும். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் இருக்கும் அச்சம் உண்மையானது. 1910 முதல் இந்த ஓட்டத்தில் 16 பேர் இறந்திருக்கிறார்கள். கடைசி மரணம் 2009இல்.

முதல் முறை போகிறவர் ஓடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உள்ளூர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே தெருத்துண்டை மட்டும் தேர்ந்துகொண்டு ஓடுகிறவர்கள். மெர்காதெரெஸ் தெரு எஸ்தஃபேத்தா தெருவுக்குத் திரும்பும் முனையில் காளைகள் வழுக்கி வெளிப்புறச் சுவரில் மோதும் என்பதும், அரங்க வாசலின் குறுகலில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குவிவார்கள் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. மீறி ஓடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கைபேசி, கேமரா, முதுகுப்பை, செருப்பு, குடிபோதை எதுவும் ஆகாது, போலீசார் வெளியேற்றிவிடுவார்கள். கீழே விழுந்தால் தலையைக் கைகளால் மூடி அசையாமல் கிடக்க வேண்டும். 1995இல் விழுந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் எழுந்து நின்றதால்தான் குத்துப்பட்டு இறந்தார்.

பார்க்க நினைப்பவர்கள் 7.45க்கு வந்து நிற்பதும் வீண். தெருவோரம் இரட்டை மரவேலி போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே மருத்துவக் குழுவுக்கும் போலீசுக்கும்தான் இடம். வெளி வேலியில் இடம்பிடிக்க விடிவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். அப்படி வந்தாலும் சில நொடிகள்தான் தெரியும். தெருவைப் பார்த்த வீட்டுப் பால்கனிகளை வாடகைக்கு விடுகிறார்கள்.

ஓட்டம் முடிந்ததும் ஊரை விட்டுக் கிளம்பிவிடுவதைத்தான் பாம்ப்லோனாவில் செய்யக்கூடிய பெரிய தவறு என்பேன். காலையில் எட்டுப் பேருருவ அரசர்களும் அரசிகளும் தெருவில் ஆடி வருவார்கள். ததேயோ அமோரேனா 1860இல் செய்த உருவங்கள் அவை. கண்டத்துக்கு ஓர் இணையாக நான்கு கண்டங்களுக்கு நான்கு இணைகள். உள்ளே ஒருவர் தோளில் சுமந்து, ஊதுகுழல் இசைக்குச் சுழல்வார். ரப்பர் சூப்பானை விடப்போகும் சின்னக் குழந்தைகள் அதைக் கொண்டுவந்து பேருருவத்திடம் கொடுத்துவிடுவார்கள். அழுதுகொண்டே கொடுக்கும் பிள்ளையை அம்மா தூக்கிப் பிடித்திருப்பார். அரசி குனிந்து நிமிர்வாள். இது அந்த ஊர்க் குடும்பங்களுடைய திருவிழா என்பது அங்கேதான் விளங்கும். இன்னொன்று: வெள்ளை உடையோடு அணியும் சிவப்புக் கழுத்துத் துணியை முன்கூட்டியே கட்டிக்கொள்ளாதீர்கள். ஜூலை 6 நண்பகலில் நகரமன்ற மாடத்தில் இருந்து ராக்கெட் கிளம்பும் வரை அதை இரு கைகளாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்திருப்பதுதான் வழக்கம். 14ஆம் தேதி நள்ளிரவில் மெழுகுவர்த்தியோடு பாடி அவிழ்ப்பார்கள்.

கூட்டம் எதையும் மறைத்துவிடும் என்ற எண்ணத்தோடு யாரும் அங்கே போக வேண்டாம். 2016இல் இந்தத் திருவிழாவில் ஓர் இளம் பெண்ணுக்கு நேர்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை நாட்டையே தெருவுக்கு இறக்கியது. 2022இல் பாலியல் குற்றச் சட்டமே மாறியது. அனுமதியில்லாமல் தொடுவதும் கட்டிப்பிடிப்பதும் திருவிழாவின் பகுதி அல்ல.

புன்யோலுக்குத் திரும்புவோம். பத்தாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில் 1945இல் இளைஞர்களின் கைகலப்பில் தொடங்கியது தக்காளி வீச்சு. நெரிசல் தாங்காமல் 2013இல் இருந்து டிக்கெட் வைத்துவிட்டார்கள். டிக்கெட் இல்லாமல் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். தக்காளியைக் கையில் நசுக்கிவிட்டுத்தான் வீச வேண்டும், இல்லாவிட்டால் கல் பட்டதுபோல வலிக்கும். அடுத்தவர் சட்டையைக் கிழிக்கக் கூடாது. முடிவை அறிவிக்கும் இரண்டாவது வெடி கேட்ட பிறகு ஒரு தக்காளிகூட வீசக் கூடாது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, காலோடு இறுகும் பழைய ஷூ போட்டுப் போங்கள். மாற்றுத் துணியும் வேண்டும். சொட்டச் சொட்ட ரயிலில் ஏறி மற்றவர் இருக்கையை நனைப்பது நாகரிகம் அல்ல.

தீ விளையாட்டுகளில் உடைதான் எல்லாம். கத்தலோனியாவில் பேய் வேடமிட்டவர்கள் பொறி தெறிக்கும் வாணங்களைச் சுழற்றிக்கொண்டு தெருவில் ஓடிவருவார்கள். நைலான், பாலியஸ்டர் போட்டுக்கொண்டு அருகில் போனால் துணி உருகித் தோலில் ஒட்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, காதுக்குப் பஞ்சு அவசியம். கைக்குழந்தையோடு போவதானால், சிறுவர்களுக்கென்று தனியாக நடத்தும் மென்மையான ஓட்டத்தையும் தூரத்தில் இருந்தே பாருங்கள்.

மனிதக் கோபுரங்களைப் பார்க்க ஆகஸ்ட் 30 அன்று விலாஃப்ராங்கா தெல் பெனெதெஸ் ஊருக்குப் போகலாம். அடியில் நூற்றுக்கணக்கானவர்கள் நெஞ்சோடு முதுகு நெருங்கி நிற்பார்கள். நீண்ட இடுப்புக் கச்சையை இறுகச் சுற்றியிருப்பார்கள். அது முதுகுக்குத் தாங்கல், மேலே ஏறுபவருக்குக் கால் வைக்கும் படி. குழலிசை தொடங்கினால் கோபுரம் உயர்கிறது என்று பொருள். தலைக்கவசம் அணிந்த ஒரு குழந்தை உச்சிக்கு ஏறி ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும். கோபுரம் எழும்போது கூச்சலிடுவதும், படம் எடுக்க அடித்தளத்து ஆட்களுக்குள் நுழைவதும் ஆபத்து. இறங்கும்போதும் கோபுரம் சரியலாம். அதனால் உச்சியில் கை உயர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள். கடைசி ஆள் தரையில் இறங்கும் வரை கண்ணெடுக்காமல் பாருங்கள்.

நேரக் கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். மதிய உணவு 2 மணிக்கு மேல், இரவு உணவு 9 மணிக்கு மேல். பிற்பகலில் சிறு ஊர்களில் கடைகள் மூடிவிடும். தெற்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வேளையில் அலையாமல் தூங்கிவிட்டால்தான் நள்ளிரவு வரை விழித்திருக்க முடியும். சைவ உணவுக்காரர்கள் "இறைச்சி இல்லை" என்று மட்டும் கேட்டு நிறுத்தினால் போதாது: சாலட்டில் சூரை மீனும், காய்கறிக் கூட்டில் பன்றித் தொடைத் துண்டுகளும் இருப்பது சகஜம். இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆரவாரமான விழாக்களை மட்டுமே தேடுகிறவர்கள் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்சே நகரின் சான்தா மரியா ஆலயத்தில், மாதாவின் விண்ணேற்பு நாளையொட்டி ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் ஓர் இசை நாடகம் நடக்கிறது. இடைக்காலத்தில் இருந்து வரும் மரபு அது. யுனெஸ்கோவின் பட்டியலிலும் உள்ளது. ஊர் ஆண்களும் சிறுவர்களுமே பாடுகிறார்கள். மாதுளைபோலத் திறக்கும் ஒரு கூட்டில் அமர்ந்தபடி தேவதூதர் குவிமாடத்தில் இருந்து கயிற்றில் இறங்கி வருவார். அந்த இரு நாட்களிலும் நுழைவு இலவசம் என்பதால் நெரிசலும் புழுக்கமும் அதிகம். 11, 12, 13 தேதிகளில் முழு ஒத்திகை டிக்கெட்டுடன் நடக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அதுவே நல்லது. விசிறி எடுத்துச் செல்லுங்கள், தோளையும் முழங்காலையும் மூடும் உடை அணியுங்கள். 13ஆம் தேதி ஒத்திகைக்குப் போனால் அன்றிரவே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டாம். நள்ளிரவை ஒட்டி எல்சே முழுவதும் வாணவேடிக்கை நடக்கும்.