ஸ்லீவ், பைபாஸ் செய்த பிறகு பிள்ளைக்கு எப்போது தயாராகலாம், என்ன சாப்பிடலாம்?

எடை குறைக்க ஸ்லீவோ (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) பைபாஸோ (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலின் பாதையை மாற்றி இணைப்பது) செய்துகொண்டு வீட்டுக்கு வந்த பெண்களிடம் நான் முதலில் கேட்பது, கருத்தடைக்கு என்ன ஏற்பாடு என்றுதான். நிறைய பேர் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வருடக்கணக்கில் நீர்க்கட்டி, மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது என்று இருந்தவர்கள், 'எனக்கா உடனே தங்கப்போகிறது' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் எடை இறங்க ஆரம்பித்த சில மாதங்களிலேயே கருமுட்டை ஒழுங்காக வெளியாகத் தொடங்கிவிடலாம், நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் நாள் தள்ளிப்போகலாம். நானும் பைபாஸ் செய்துகொண்டு பிள்ளை பெற்றவள்தான், அதனால் இதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது 12 முதல் 18 மாதம், சிலர் 24 மாதம் வரைக்கும் சொல்வார்கள். மாதக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், எடை இறங்குவது நின்று சில மாதம் ஒரே இடத்தில் நிற்கிறதா, ரத்தப் பரிசோதனையில் சத்துகள் சரியாக இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் உடம்பு தன்னுடைய இருப்பைக் கரைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் வயிற்றில் ஒரு பிள்ளையும் வளர்ந்தால் இரண்டு பேருக்குமே பற்றாது, குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு கூடும். பொறுத்திருந்தால் நல்ல பக்கமும் உண்டு: பழைய எடையோடு கர்ப்பமாவதைவிட, கர்ப்பகாலச் சர்க்கரையும் பிரஷரும் வரும் வாய்ப்பு குறைகிறது. வயது 35 தாண்டியவர்கள், ஐவிஎஃப் யோசிப்பவர்கள், இந்தக் காலக்கெடுவை அறுவை சிகிச்சை மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் சேர்த்து வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டில் கேட்பார்கள். எடை குறைந்து ஆளே மாறியிருப்பீர்கள், சிராங்கூன் சாலையில் கோயிலுக்குப் போனாலும் சரி, தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போனாலும் சரி, 'ஏதாவது விசேஷம் உண்டா' என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். "டாக்டர் அடுத்த தீபாவளி வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறார், அத்தை" என்று கணவரையே ஒரு தடவை சொல்ல வையுங்கள், அது போதும்.

கருத்தடைக்கு மாத்திரையை நம்பாதீர்கள், முக்கியமாக பைபாஸ் செய்தவர்கள். குடல் பாதை மாறியிருப்பதால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், வாந்தியோ பேதியோ இருந்தால் யாருக்குமே அது கைகொடுக்காது. காப்பர்-டி, ஹார்மோன் காயில், கையில் தோலுக்கு அடியில் வைக்கும் இம்பிளாண்ட், இவை வயிற்றை நம்பி இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பே இதைக் கேட்டு முடித்துவிடுவது நல்லது.

மருத்துவர் சொன்ன காலத்துக்கு முன்பே தங்கிவிட்டதா? பயப்படாதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்த ஆறாவது மாதத்திலேயே தங்கி நல்லபடியாகப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள், அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கும் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கொஞ்சம் அடிக்கடி இருக்கும், அவ்வளவுதான்.

முயற்சிக்கு மூன்று மாதம் முன்னால்

ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்பு இருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் ஏ, இவை எல்லாம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பலதுறை மருந்தகத்தில் பார்ப்பவர்கள் 'எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கர்ப்பமான பிறகு இதே பரிசோதனைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். எடைக்காக ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், செமாக்ளூடைடை முயற்சிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். பிரஷர், கொழுப்பு மாத்திரைகளிலும் மாற்ற வேண்டியவை உண்டு.

ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம், இது எல்லாருக்கும். பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) இன்னும் 30க்கு மேல் இருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ மருத்துவர் 4 அல்லது 5 மில்லிகிராம் எழுதுவார். அவ்வளவு பெரிய அளவை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், அது பி12 குறைபாட்டை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். பி12 நமக்கு, அதிலும் சைவம் சாப்பிடுபவர்களுக்கு, முன்பே குறைவாகத்தான் இருக்கும், பைபாஸ் செய்தவர்களில் நிறைய பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுவார்கள்.

முஸ்தபாவிலோ கார்டியனிலோ சத்து மாத்திரை வாங்கினால் டப்பாவைத் திருப்பி வைட்டமின் ஏ எந்த வடிவத்தில் இருக்கிறது என்று படியுங்கள். பீட்டா கரோட்டின் என்றால் சரி. ரெட்டினால் என்றால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள், அதிகமானால் குழந்தைக்கு ஊறு செய்யும். இதே காரணத்துக்காகத்தான், ரத்தம் ஊறும் என்று அம்மா ஆசையாக வறுத்துத் தரும் ஆட்டு ஈரலும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் கர்ப்ப காலத்தில் வேண்டாம்.

இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள், வயிற்றில் அமிலம் குறைந்துபோன நமக்கு அதுதான் சேரும். நாளொன்றுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரே தடவையில் 500க்கு மேல் போட்டால் உடம்பு எடுத்துக்கொள்ளாது. என் ஏற்பாடு இப்படி இருந்தது: காலையில் இரும்பு, ஒரு சின்ன ஆரஞ்சோடு, பதினோரு மணிக்குக் கால்சியம், நான்கு மணிக்கு மறுபடி கால்சியம், படுக்கப்போகும் முன் இன்னொன்று. கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டேன், வேலையிடத்து மேசை டிராயரில் ஒரு டப்பா தனியாகக் கிடந்தது. அப்புறம், தே. காப்பிக்கடைப் பால் தேநீரோ காப்பியோ இரும்பு மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரை வீண்தான், ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சீனி இல்லாமல் கோசோங் என்று கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டும் ஃபெரிட்டின் ஏறவே இல்லை என்றால் முதல் மூன்று மாதம் தாண்டியதும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள், தயங்க வேண்டாம்.

தட்டில் என்ன

புரதம் தினம் 60 கிராமாவது. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும், இந்த வயிற்றை வைத்துக்கொண்டு அதை எட்டுவது பெரிய வேலை. சாம்பாரை நம்பி இருக்காதீர்கள், நாம் வைக்கும் தண்ணீர்ச் சாம்பாரில் பருப்பு எங்கே இருக்கிறது? இரண்டு முட்டையில் 12 கிராம் வரும், ஒரு கோப்பைப் பாலில் 8, உள்ளங்கை அளவு மீன் துண்டில் ஏறக்குறைய 20. உணவங்காடியில் மீன் சூப் வாங்கி மீனை முதலில் முடித்துவிட்டு மீ ஹூனைக் கடைசியில் தொடுங்கள். யோங் தாவ் ஃபூ கடையில் தாவ் குவா, முட்டை, கீரை என்று நீங்களே பொறுக்கிப் போடலாம். தேக்கா பக்கம் போனால் தோசையோடு ஒரு முட்டையும் தயிரும் சேர்த்துக்கொள்ளுங்கள், பரோட்டா ஒன்றே வயிற்றை அடைத்துவிடும், அதற்கப்புறம் புரதத்துக்கு இடம் இருக்காது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடிக்கும் பழக்கம் அப்படியே தொடரட்டும். சுறா வேண்டாம், பாதரசம் அதிகம்.

'ரெண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று எல்லாரும் தட்டை நிரப்புவார்கள். எடை ஏற வேண்டியது நீங்கள் கர்ப்பமான நேரத்து பிஎம்ஐயைப் பொறுத்தது: 18.5 முதல் 25க்குள் என்றால் 11.5 முதல் 16 கிலோ, 25 முதல் 30க்குள் என்றால் 7 முதல் 11.5, 30க்கு மேல் என்றால் 5 முதல் 9. இவ்வளவு பாடுபட்டுக் குறைத்தது ஏறுகிறதே என்று மனம் பதறும், எனக்கும் பதறியது. அந்தக் கிலோ பிள்ளைக்கானது. கர்ப்பத்தில் டயட் இருக்காதீர்கள்.

மருத்துவமனையில் நீங்களாகச் சொல்ல வேண்டியவை

சிங்கப்பூரில் 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். பைபாஸ் செய்தவர்கள் அதைக் குடித்தால் டம்பிங் வரலாம்: வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிவரும், கொஞ்ச நேரத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கும். ஸ்லீவ் செய்தவர்களிலும் சிலருக்கு வரும். பதிலுக்கு ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்தி, வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். முன்கூட்டியே கேளுங்கள், பரிசோதனை நாளன்று வரிசையில் நின்றுகொண்டு கேட்டால் குழப்பம்தான்.

மசக்கை வாந்தி சாதாரணம். ஆனால் எதுவுமே தங்காமல் ஓரிரு நாள் ஓடினால் காத்திருக்காதீர்கள், வைட்டமின் பி1 (தயமின்) சீக்கிரம் வற்றிவிடும், மூளையையும் நரம்பையும் பாதிக்கும். அங்கே போனதும் "எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது, குளுக்கோஸ் டிரிப்புக்கு முன்னால் தயமின் வேண்டுமா பாருங்கள்" என்று சொல்லுங்கள், தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் நிலைமை மோசமாகலாம்.

வயிற்று வலிக்கு இன்னும் கவனம் வேண்டும். கர்ப்பப்பை வளர்ந்து குடலை மேலே தள்ளும்போது, பைபாஸ் செய்தவர்களுக்கு உள்ளே இருக்கும் இடைவெளியில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். மேல் வயிற்றில் விட்டு விட்டுக் கடுமையாக வலித்தால், வாந்தியும் சேர்ந்தால், வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் 24 மணி நேரமும் அவசரப் பிரிவு உண்டு. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் குடல் அறுவை மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

வளைகாப்பில் கலந்த சாதம் ஏழு வகை, கேசரி, லட்டு, பாயசம் எல்லாம் தட்டில் வந்து நிற்கும், ஒவ்வொரு அத்தையும் ஒரு வாய் ஊட்டுவார். ஒவ்வொன்றிலும் ஒரு நுனி போதும். உட்காரும் முன் ஒரு முட்டையோ கொஞ்சம் பனீரோ சாப்பிட்டுவிடுங்கள், பாயசத்தை அக்காவிடம் தள்ளிவிடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு பத்தியம் என்று காய்கறியையும் தண்ணீரையும் குறைப்பார்கள். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், கருவாடு தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் காய்கறி, முட்டை, தண்ணீர் மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். சுறாப்புட்டு கேட்டு வந்தால் நெத்திலியிலோ வேறு சின்ன மீனிலோ செய்யச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் காலம் முழுக்க மாத்திரைகள் அப்படியே தொடர வேண்டும், தாய்க்கு பி12 குறைந்தால் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் குறையும். அந்த மாதங்களிலும் மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டு மருத்துவமனையை விட்டுக் கிளம்புங்கள்.