டிராக்‌ஷன் அவானா, டி.எஸ்.ஸா: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துரு பார், ஆவணம் பார் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன். பிரெஞ்சு நிறுவனமான சித்ரோயனின் டிராக்‌ஷன் அவான் (1934–57), டி.எஸ். (1955–75) என்ற இரண்டு பழைய கார்களில் எது என்று கேட்டு வரும் புதியவர்கள் வழுக்குவது வேறு இடங்களில்.

"என்ஜின் ஒன்றுதானே!"

ஆரம்பகால டி.எஸ். 19-இன் 1911 சிசி என்ஜின் டிராக்‌ஷன் 11-இன் வழிவந்ததுதான். சிலிண்டர் ஹெட் மட்டும் புதிய வடிவம். அதற்காகப் பராமரிப்பும் ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். டிராக்‌ஷனில் டார்ஷன் பார் (முறுக்கும் கம்பியே ஸ்பிரிங்) சஸ்பென்ஷன், வழக்கமான ஹைட்ராலிக் பிரேக். (1954-இல் வந்த 15-சிக்ஸ் எச் மட்டும் விதிவிலக்கு, அதன் பின்பக்கம் ஹைட்ரோநியூமேட்டிக், அதாவது திரவமும் வாயுவும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷன்.) டி.எஸ். 19-இல் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், கியர் மாற்றுவது வரை ஒரே பம்பின் அழுத்தத்தை நம்பியிருக்கின்றன.

சிவப்பில் பச்சையை ஊற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். பம்பின் அழுத்தத்தைக் கடத்தும் திரவம், பழைய டி.எஸ்.களில் சிவப்பு எல்.எச்.எஸ்., 1967 மாடலிலிருந்து பச்சை எல்.எச்.எம். என்ற மினரல் எண்ணெய். ஒன்றின் ரப்பர் சீல் மற்றதைத் தாங்காது.

தெரிந்தவர் ஒருவர் 1964 டி.எஸ். 19 வாங்கினார். திரவத்தின் அளவு குறைந்திருக்கிறதே என்று ஒரு பட்டறையில் விட, "டி.எஸ்.ஸுக்குப் பச்சைதான்" என்று ஊற்றி அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் காரின் பின்பக்கம் எழுந்திருக்கவே மறுத்தது. கழற்றினால் சீல்கள் ஊறி உப்பிப்போய், விரலால் அழுத்தினாலே நசுங்கின. பம்ப், சஸ்பென்ஷன் சிலிண்டர், ஸ்டீயரிங் ராக் எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, சீல் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. செலவு, கார் விலையை எட்டிப் பார்த்தது.

வருடத்தை மட்டும் நம்பவும் முடியாது. அமெரிக்காவுக்குப் போன கார்களில் 1969 ஜனவரி வரை சிவப்புதான். பானெட்டைத் திறந்து பாகங்களைப் பாருங்கள்: எல்.எச்.எம். பாகங்களுக்குத் தொழிற்சாலையிலேயே பச்சை பெயிண்ட், பழையவற்றுக்குக் கறுப்பு. ஆனால் மறுபடி பெயிண்ட் அடித்தவர்களும் உண்டு. அதனால் டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். முழுதாகப் பச்சைக்கு மாற்றிய கார் என்று விற்பவர் சொன்னால், சீல்கள் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையா, விலை பேசாதீர்கள்.

டிராக்‌ஷன் கியர்பாக்ஸ்

மூன்றே கியர், முதலாவதில் சின்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ, பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) இல்லை. ஓட்டிப் பார்க்கும்போது அவசரம் வேண்டாம்.

கூரை திறக்கும் டி.எஸ்.

சித்ரோயனுக்காக கார் பாடி கட்டும் ஆன்ரி ஷாப்ரோன் செய்தவை 1,300 சொச்சம்தான். செடானை அறுத்துச் செய்தவையும் அதே பெயரில் விலைபோகின்றன. அடிச்சட்டத்தையும் சேஸி எண்ணையும் சரிபார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.