கடன் வாங்கிக் கழித்தலுக்கு ஒரு விளையாட்டு

கடன் வாங்கிக் கழித்தலில் இருபது கணக்கு போடச் சொன்னால் வகுப்பே முகம் சுளிக்கும். அதற்குப் பதில் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

நான்கு இலக்க எண் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். நான்கு இலக்கமும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு முறை, சிறியதிலிருந்து பெரியதாக ஒரு முறை அடுக்கிக் கழிக்க வேண்டும். வரும் விடையை வைத்து மறுபடியும் அதே வேலை.

3524 என்று வைத்துக்கொள்வோம். 5432 − 2345 = 3087. அப்புறம் 8730 − 0378 = 8352. அடுத்து 8532 − 2358 = 6174. இனி எத்தனை முறை கழித்தாலும் 6174தான்!

எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இங்கே வந்துவிடும். வரவில்லையா? எங்கோ கழித்தலில் பிழை. அதைப் பிள்ளைகளே தேடிப் பிடிப்பார்கள். சிவப்பு மையே தேவையில்லை. ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டினால் 18 அல்லது 27 வரும். பிழை எந்தப் படியில் என்று அதை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரே இடத்தில்தான் இடறும். 2111 − 1112 = 999 வந்தால் 0999 என்று எழுத வேண்டும். பூஜ்யத்தை விட்டால் அடுத்த படியில் எல்லாமே பூஜ்யமாகிவிடும்.

சின்ன வகுப்புக்கு மூன்று இலக்கம் போதும். அது 495இல் போய் நிற்கும்.

இதை 1949இல் கண்டுபிடித்த கப்ரேகர், நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இதைச் சொல்ல மறக்காதீர்கள், ஆனால் கடைசியில்.