துணிகர ஆய்வுக்கு அமெரிக்க அரசு நிதி: விண்ணப்பத்தை வீழ்த்தும் தவறுகள்

நீரிழிவு, உடல் பருமன், கொழுப்புக் கல்லீரல், குடல் அழற்சி ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் பெரிய நிதி வாசல் என்.ஐ.டி.டி.கே. இது அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். குடையின் கீழ் நீரிழிவு, செரிமானம், சிறுநீரக நோய்களுக்காக இயங்கும் தேசிய நிறுவனம். தோற்கவும் வாய்ப்புள்ள, வென்றால் துறையையே புரட்டிப்போடக்கூடிய கருத்துகளுக்கென்று என்.ஐ.எச். தனி நல்கைகளும் தருகிறது. அங்குள்ள ஆய்வகங்களில் பணிபுரியும் தமிழர்கள் பலர் குடியுரிமை இல்லையே என்று தயங்குகிறார்கள். ஆர்01, ஆர்21, டிபி1, டிபி2 ஆகிய நல்கை வகைகளுக்குக் குடியுரிமை நிபந்தனை கிடையாது. ஆனால் டிபி1, டிபி2 விருதுகளுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் அமெரிக்காவில் இருக்க வேண்டும்.

நல்ல கருத்துகள் இங்கே விழுவதற்குக் கருத்தின் துணிவு காரணமாவது அரிது. அந்தத் துணிவைச் செய்முறையிலும் வைத்துவிடுவதுதான் பெரும்பாலும் கவிழ்க்கிறது. கருதுகோள் பொய்த்துப் போகலாம். பொய்த்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சோதனை திடமாக இருக்க வேண்டும்.

தவறான கதவைத் தட்டுவது

துணிகர ஆய்வு என்றதும் பலருக்கு ஆர்21 நினைவுக்கு வரும். 2 ஆண்டு, மொத்தம் 2,75,000 டாலர் நேரடிச் செலவு, எந்த ஓர் ஆண்டிலும் 2,00,000 டாலருக்கு மேல் கூடாது, 6 பக்கத் திட்டம், முன்னோட்டத் தரவு கட்டாயமில்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் என்.ஐ.டி.டி.கே. பொது ஆர்21 அறிவிப்பில் சேர்வதில்லை. தான் பெயர் சேர்த்திருக்கும் குறிப்பிட்ட அறிவிப்புகளின் வழியாக மட்டுமே ஆர்21 வாங்குகிறது. இதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் எழுதுவது வீண்.

பெரிய துணிவுக்கு வேறு வழிகள் உண்டு. நியூ இன்னவேட்டர் எனப்படும் டிபி2 இளம் ஆய்வாளர்களுக்கானது. கடைசிப் பட்டமோ மருத்துவப் பயிற்சியோ முடிந்து 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், ஆர்01 போன்ற பெரிய நல்கை அதற்குமுன் பெற்றிருக்கக் கூடாது. பயனியர் எனப்படும் டிபி1 எந்தக் கட்டத்திலுள்ளவருக்கும் பொது, ஆனால் முதல் 3 ஆண்டுகளில் உங்கள் ஆராய்ச்சி நேரத்தில் 51 விழுக்காட்டை அதற்கே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று நல்கைகளில் நேரத்தைப் பங்கு போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டிபி1 வகையிலேயே என்.ஐ.டி.டி.கே. கேட்டலிஸ்ட் விருதையும் அறிவித்ததுண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் நடப்பு அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நோயின் எல்லையும் முக்கியம். கொழுப்புக் கல்லீரல் என்.ஐ.டி.டி.கே.யைச் சேரும். மதுவால் கெட்ட கல்லீரலுக்கு மது ஆய்வுக்கான என்.ஐ.ஏ.ஏ.ஏ., குடல் புற்றுநோய்க்குத் தேசியப் புற்றுநோய் நிறுவனம். சந்தேகம் இருந்தால் ஆய்வின் ஒரு பக்க இலக்குச் சுருக்கத்தை, அந்த நிறுவனத்தில் உங்கள் துறை நல்கைகளைக் கவனிக்கும் ப்ரோக்ராம் ஆபிசருக்குக் கெடு தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பிக் கேளுங்கள். இதற்குக் கூச்சப்படவே வேண்டாம், பதில் சொல்வது அவர்கள் வேலை.

சோதனையில் ஓட்டை விடுவது

மதிப்பீட்டாளர் சீக்கிரம் பேனாவை எடுப்பது இங்கேதான், அதிலும் சுண்டெலி ஆய்வுகளில்.

ஒரு குழுவுக்குக் கலோரியில் 60 விழுக்காடு கொழுப்புள்ள சுத்திகரித்த உணவு, இன்னொரு குழுவுக்கு வழக்கமான தானியத் தீவனம் என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் கொழுப்பு மட்டுமா வேறு? நார்ச்சத்து, புரதம் வரும் மூலம், சோயாவிலிருந்து வரும் தாவர ஈஸ்ட்ரோஜன் எல்லாமே வேறு. நார்ச்சத்து மாறினாலே குடல் நுண்ணுயிர்கள் மாறிவிடும், பிறகு விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஒப்பீட்டுக்கும் அதே வகைச் சுத்திகரித்த உணவு வேண்டும்: 10 விழுக்காடு கொழுப்பு, சர்க்கரை அளவும் பொருந்தியதாக.

நுண்ணுயிர் ஆய்வில் கூண்டுதான் பெரிய பொறி. சுண்டெலிகள் ஒன்றின் எச்சத்தை ஒன்று தின்னும், அதனால் ஒரே கூண்டில் இருப்பவற்றின் குடல் நுண்ணுயிர்கள் ஒன்றுபோல் ஆகிவிடும். மருந்து கொடுத்த 5 எலிகள் ஒரு கூண்டிலும் கொடுக்காத 5 எலிகள் இன்னொரு கூண்டிலும் இருந்தால் உங்களிடம் இருப்பது பத்து மாதிரிகள் அல்ல, கிட்டத்தட்ட இரண்டுதான். பல கூண்டுகளாகப் பிரித்து, கூண்டையும் புள்ளியியல் கணக்கில் சேர்க்க வேண்டும். மரபணு மாற்றிய எலிக்கு ஒப்பீடாக வெளியே வாங்கிய எலியை வைக்காமல் அதே ஈற்றில் பிறந்த குட்டிகளை வையுங்கள். எலியின் வகையை சி57பிஎல்/6 என்று மட்டும் எழுதுவதும் போதாது. 6ஜே கிளையில் என்.என்.டி. மரபணு சிதைந்திருக்கிறது, 6என் கிளையில் சிதையவில்லை. அது இன்சுலின் சுரப்பையே தொடும் விஷயம்.

வெப்பநிலையையும் சொல்லுங்கள். 22 டிகிரியில் சுண்டெலி தன் ஆற்றலில் பெரும் பங்கைச் சூடு காக்கவே செலவிடுகிறது. அதற்கு இதமான சூடு சுமார் 30 டிகிரி. பருமனைக் குறைக்கும் மருந்து ஒரு வெப்பநிலையில் வேலை செய்து மற்றதில் செய்யாமல் போகலாம். ஆற்றல் செலவை உடல் எடையால் வகுத்து வரைபடம் போடுவதும் தவறு. கொழுப்பு கூடிய எலியின் எடை வகுக்கும் எண்ணைப் பெரிதாக்கி, செலவு குறைந்ததுபோல் காட்டிவிடும். எடையை உடன்மாறியாக வைத்து, அதன் தாக்கத்தைப் பிரித்துவிட்டுக் குழுக்களை ஒப்பிடும் ஆன்கோவா என்ற புள்ளியியல் முறையைச் செய்யுங்கள்.

ஆண் எலி சீக்கிரம் பருக்கிறது என்பதற்காக அதை மட்டும் எடுப்பது 2016 முதல் எடுபடாது. பாலினத்தை ஆய்வில் எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள் என்று என்.ஐ.எச். கேட்கிறது, ஒன்றை விட்டால் வலுவான காரணம் எழுத வேண்டும்.

இலக்குகளைச் சீட்டுக்கட்டாய் அடுக்குவது

முதல் இலக்கு வென்றால்தான் இரண்டாவதும் மூன்றாவதும் உயிர்வாழும் என்றால், முதலாவது சரிந்ததும் மொத்தமும் சரியும். துணிகரத் திட்டத்தில் இது பெரும் குறை. மையக் கேள்வியைச் சீக்கிரம், மலிவாக உடைத்துப் பார்க்கும் சோதனையை முன்னால் வையுங்கள். இந்த மாதத்துக்குள் இந்த அளவு மாற்றம் தெரியாவிட்டால் இந்தப் பாதையை நிறுத்தி அந்தப் பாதைக்குப் போவோம் என்று எண்ணோடு எழுதுங்கள். 2 ஆண்டு ஆர்21-க்கு இரண்டு இலக்குகள் போதும். முன்னோட்டத் தரவு கட்டாயமில்லை என்பதற்காகக் கருவியைக் கையாளத் தெரியும் என்ற ஆதாரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

2025 ஜனவரி முதல் ஆர்01, ஆர்21 மதிப்பீட்டில் ஆய்வின் முக்கியத்துவத்துக்கு ஒரு மதிப்பெண், திடத்தன்மைக்கும் சாத்தியத்துக்கும் இன்னொரு மதிப்பெண். 1 மிக நல்லது, 9 மிக மோசம். ஆய்வாளரின் திறனுக்கும் ஆய்வகத்துக்கும் மதிப்பெண்ணே இல்லை, போதுமா போதாதா என்று மட்டும் பார்ப்பார்கள். பெரிய பெயரைக் காட்டிச் சோதனை ஓட்டைகளை மூட இனி இடம் குறைவு.

கடைசி வாரத் தவறுகள்

விண்ணப்பிக்கத் தேவையான சாம், கிராண்ட்ஸ்.கவ், ஈரா காமன்ஸ் ஆகிய அரசு இணையதளப் பதிவுகளுக்கு 6 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். எழுத்து 11 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஓரம் அரை அங்குலம். கெடு, உங்கள் நிறுவனம் இருக்கும் ஊர் நேரப்படி மாலை 5 மணி. ஏற்றிய பிறகு சரிபார்க்க 2 வேலை நாள் கிடைக்கும், ஆனால் பிழையைத் திருத்தும் வாய்ப்பு கெடுவோடு முடிந்துவிடும். கடைசி நாளில் ஏற்றுபவர்களுக்கு அந்த 2 நாளால் பயனில்லை. ஒரு முதன்மை ஆய்வாளர் ஆண்டுக்கு 6 விண்ணப்பங்களுக்கு மேல் தர முடியாது என்ற வரம்பும் 2025 செப்டம்பரில் வந்துவிட்டது, பெரும்பகுதியை ஏ.ஐ. எழுதிய விண்ணப்பத்தையும் ஏற்பதில்லை.

நிராகரிப்பு வந்தால் ஆர்21-ஐ 37 மாதங்களுக்குள் ஒரு பக்க முன்னுரையோடு திருத்தி அனுப்பலாம். டிபி2-க்கு அந்த வசதி இல்லை, புதிய விண்ணப்பமாகவே எழுத வேண்டும். விண்ணப்பத்தை ஏற்றியதிலிருந்து மதிப்பீடு முடியும்வரை மதிப்பீட்டுக் குழு அதிகாரியிடம் பேசுங்கள். மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் ப்ரோக்ராம் ஆபிசரை அழைத்து, குறை கருத்தைப் பற்றியதா செய்முறையைப் பற்றியதா என்று கேளுங்கள். செய்முறை என்றால் திருத்த வழி இருக்கிறது.