பழைய வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர்: நாமே செய்துவிடும் தவறுகள்

என்னிடம் இருப்பது டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே45 பிக்கப். 2எஃப் எஞ்சின், ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர் பெட்ரோல். கெடாவில் தோட்ட வேலைக்கு அப்பா ஓட்டிய வண்டி, இப்போது புக்கிட் மெர்தாஜாமில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. ஒரு நாள் பினாங்குப் பாலத்தில் ஏறியதும் உதற ஆரம்பித்தது. ஐடிலில் சுத்தமாக ஓடும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் உதறும். கார்புரேட்டர்தான் என்று நினைத்து அதைப் பிரித்தேன். பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயில் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், பிளக் வயர் முழுச் செட்டும் மாற்றினேன். மூன்று வாரம் போனது.

கடைசியில் பிறையில் ஒரு பட்டறையில் வயதான ஃபோர்மேன் ஒருவர், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சின்ன எர்த் வயரை மெல்ல இழுத்துக் காட்டினார். "மேல பாத்தா முழுசா இருக்கு தம்பி. உள்ள செம்பு அறுந்து போச்சு" என்றார். பாயிண்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) உட்கார்ந்திருக்கும் தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போடு இணைக்கும் வயர் அது. எஞ்சின் உறிஞ்சும் வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் தட்டு கொஞ்சம் திரும்பும், வயரும் கூடவே வளையும். பல வருடம் வளைந்தால் உறைக்குள்ளேயே அறுந்துவிடும். ஐடிலில் அறுந்த நுனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், மிதித்ததும் விலகிவிடும்.

சோதிக்காமல் பொருளை மாற்றுவதுதான் முதல் தவறு என்று அன்று தெரிந்துகொண்டேன். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாயிண்ட் தட்டிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, தட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஓம் அளவு பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். திருப்பும்போது எகிறினால் வயரை மாற்றுங்கள், வேலை முடிந்தது. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது, எந்தப் புதுப் பொருள் கெட்டது என்று தெரியாமல் போகும். புதுக் கண்டென்சர் வாங்கின அன்றே கெட்டிருப்பதும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

அடுத்தது, அடையாளம் போடாமல் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே இழுப்பது. இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றும். அதனால் ஃபிளைவீல் கோடு ஜன்னலில் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முதல் சிலிண்டர் நெருப்புக்குத் தயார் என்று சொல்ல முடியாது. அது எக்ஸாஸ்ட் நேரமாகவும் இருக்கலாம். அப்படி மாட்டினால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் நேர் எதிர்ப்பக்கம் நிற்கும், எஞ்சின் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும். முதல் பிளக்கைக் கழற்றித் துளையில் விரலை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது வரும் கோடுதான் சரியான கோடு. அப்புறம் ரோட்டர் பார்க்கும் திசையை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலும், உடம்பு உட்காரும் இடத்தை பிளாக்கிலும் மார்க்கர் பேனாவால் குறியுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். அடியிலுள்ள கியர் பல் சாய்வாக வெட்டியது. இறக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பித்தான் உட்காரும், அந்த அளவு முன்கூட்டியே விட்டு இறக்க வேண்டும்.

இறங்காமல் ஒரு சென்டிமீட்டர் மேலே நின்றால், போல்ட்டை முறுக்கி அமுக்க மட்டும் வேண்டாம். பல எஞ்சின்களில் ஆயில் பம்ப்பும் அதே தண்டின் அடிமுனையில்தான் மாட்டும். பொருந்தாமல் நெருக்கினால் உடம்பு உடையும், இல்லையென்றால் பம்ப் தண்டு வளையும். நீளமான ஸ்குரூடிரைவரால் பம்ப் தண்டைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் தானாக விழும்.

பாயிண்ட் வைத்திருப்பவர்கள் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகு டைமிங், அதாவது பொறி விழும் நேரம். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போகும். குறைந்தால் பின்னே போகும். 2எஃப்-க்கு இடைவெளி 0.45 மில்லிமீட்டர், டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 41 டிகிரி, வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. தேய்ந்து ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருக்கும் பாயிண்டில் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும், டுவெல் மீட்டர் சொல்லாது. டைமிங் லைட் பிடிக்கும்போது வேக்குவம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிடுங்கள். ஃபிளைவீலில் பதித்திருக்கும் சின்ன இரும்புக் குண்டு ஜன்னலில் முள்ளுக்கு நேராக நின்றால் 7 டிகிரி முன்னே, அதுதான் கம்பெனி அளவு.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பி வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மூடியைக் கழற்றி ரோட்டர் தண்டைப் பிடித்து இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, அதன்மேல் எந்தக் கிட் வைத்தாலும் டைமிங் அலையும். ரோட்டரைச் சுற்றும் திசையில் திருகி விட்டால் ஸ்பிரிங் போலப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கீழே உள்ள எடைகள் காய்ந்த கிரீஸில் ஒட்டியிருக்கின்றன. வேகம் கூடும்போது டைமிங் முன்னே போகாமல் வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். இந்த இரண்டையும் சரிசெய்தாலே பாதி வண்டிகளுக்குக் கிட் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

அதற்கு மேலும் போடுகிறீர்கள் என்றால் கவனிக்க வேண்டியது கரண்ட். பழைய வண்டிகள் பலவற்றில் காயிலுக்கு முன்னால் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும், அது வோல்ட்டைக் குறைத்துத்தான் காயிலுக்கு அனுப்பும். பெரும்பாலான கிட்களின் சிவப்பு வயருக்கு முழு 12 வோல்ட் வேண்டும், அதை ரெசிஸ்டருக்கு முன்பக்கம் எடுக்க வேண்டும். சுலபமாக இருக்கிறதே என்று காயிலிலேயே மாட்டினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, ஓடும்போதும் அங்கங்கே விட்டுவிட்டு வெடிக்கும். ரெசிஸ்டரோடு வரும் காயில் சுமார் 1.5 ஓம், இல்லாதது சுமார் 3 ஓம். கிட்டோடு வரும் தாளில் எந்த அளவு கேட்டிருக்கிறது என்று படித்து, மீட்டரால் அளந்துவிட்டு மாட்டுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் நிலையில் விட்டு வேலை செய்யவும் வேண்டாம், காயிலும் கிட்டின் மாட்யூலும் சூடாகிக் கருகிவிடும்.

நம் ஊர் ஈரத்துக்காக ஒரு விஷயம். மழைநீர் போகக் கூடாது என்று டிஸ்ட்ரிபியூட்டரின் காற்றுத் துளைகளை சிலிகானால் அடைப்பவர்கள் உண்டு. உள்ளே தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் வெளியேற வழியில்லாமல் உலோகத்தை அரித்துவிடும், வேர்வையும் உள்ளேயே தங்கும். மூடியின் உள்ளே பென்சில் கீறல் போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை. கரண்ட் அந்தக் கோடு வழியேதான் ஓடும், புது மூடி போடுங்கள்.

நானும் கடைசியில் கிட் போட்டுவிட்டேன். பழைய தட்டு, பாயிண்ட், கண்டென்சர், ஒரு ஃபீலர் கேஜ் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் மலைச்சாலையில் ராத்திரி மாட்யூல் போனால், அந்த டின்னும் ஒரு டார்ச் லைட்டும் இருந்தால் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம்.