இறக்குமதி வரி குறைந்ததும் சொந்தத் தயாரிப்பை மூடலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தை திறந்துவிட்டால் எல்லாவற்றையும் வெளியில் வாங்குவதே லாபம் என்று பல நிறுவனங்கள் அவசரப்பட்டு முடிவு கட்டுகின்றன. தாராளமயத்தால் வெளிக்கொள்முதல் மலிவாகிறது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாகக் கணக்குப் போட்டாக வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, முழு அடக்கவிலையை வைத்து ஒப்பிடுவது. வெளிநாட்டில் ஒரு பாகத்தின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீத வரியோடு 140 ஆக இருந்தது, வரி 10 சதவீதமானதும் 110 ஆகிறது. சொந்த ஆலையில் அடக்கம் 120. உடனே மூடிவிடத் தோன்றும். அந்த 120-இல் கட்டடத் தேய்மானமும் தலைமையகச் செலவின் பங்கும் 25 என்றால், தயாரிப்பை நிறுத்தினாலும் அந்த 25 போகாது. மிச்சமாவது 95தான். 110 கொடுத்து வாங்கினால் ஒவ்வொன்றிலும் 15 நஷ்டம். சரக்குக் கட்டணம், தரச் சோதனை, வழியில் முடங்கும் பணத்துக்கான வட்டி இதில் இன்னும் சேரவில்லை. காலியாகும் இடத்தில் வேறு பொருள் செய்து சம்பாதிக்க முடிந்தால் மட்டுமே கணக்கு திரும்பும்.

குறைந்த வரி அப்படியே நிற்கும் என்று நம்பவும் கூடாது. உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாடு ஒப்புக்கொண்ட வரி உச்சவரம்பு 40 சதவீதம், இப்போது வசூலிப்பது 10 என்றால், விதியை மீறாமலே 40 வரை ஏற்றலாம். வெளிநாட்டார் மிகக் குறைந்த விலையில் பொருளைக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தால் 5 ஆண்டு வரை நீடிக்கும், மறுஆய்வில் அதற்கு மேலும் நீளலாம். பழைய அச்சுகளையும் இயந்திரங்களையும் விற்பதற்கு முன் இவ்விரண்டையும் பாருங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, உங்களுக்கென்றே செய்யும் பாகத்தையும் சாதாரண போல்ட்டையும் ஒரே தட்டில் வைப்பது. சந்தையில் பேரம் பேசுவதற்கும் ஒப்பந்தம் போடுவதற்கும் செலவு உண்டு என்று பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ் 1937-லேயே காட்டினார். போல்ட்டுக்கு இறக்குமதி திறந்ததும் பத்து சப்ளையர் கிடைப்பார்கள், ஒருவர் விலையேற்றினால் அடுத்தவரிடம் போகலாம். தனி அச்சு தேவைப்படும் பாகத்தில் அது முடியாது. பாதி வழியில் அந்த ஒரே சப்ளையர் விலையை உயர்த்தினால் உங்கள் உற்பத்தி நின்றுவிடும். போயிங் நிறுவனம் தன் 787 விமானத்தின் பெரும்பகுதி வடிவமைப்பையும் தயாரிப்பையும் வெளியே விட்டது. 2008-இல் திட்டமிட்ட முதல் ஒப்படைப்பு 2011-இல்தான் நடந்தது. இடையில், 2009-இல், பின்பக்க உடற்கூடு செய்த ஆலையைப் போயிங்கே வாங்க வேண்டியிருந்தது. இத்தகைய பாகத்தை வெளியே கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அச்சும் வரைபடமும் உங்கள் சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டாவது சப்ளையரையும் சிறு அளவு ஆர்டரோடு ஓட வைத்திருங்கள்.

தாராளமயம் எதிர்ப்பக்கமும் இழுக்கும். அந்நிய முதலீட்டு வரம்பு நீங்கினால், அதுவரை உள்ளூர்க் கூட்டாளியை நம்பியிருந்த வெளிநாட்டு நிறுவனம் அவருடைய ஆலையை முழுதாகவே வாங்கி, தயாரிப்பைத் தன் கைக்குள் கொண்டுவர வழி பிறக்கிறது.